எண்ணெயில் பொரிச்ச பேயும் எங்க ஊர் 'சைனீஸ்'உம்

எங்க அணைக்கட்டு பக்கம் சாயங்காலமானா ஃபாஸ்ட் புட் வண்டிகள்ல 'சைனீஸ்' களை கட்டும். செக்கச்செவேல்னு கோபி மஞ்சூரியன். இதைச் சீனாவுல போய்க் கேட்டா முழிப்பாங்க. சிக்கன் மஞ்சூரியனை 1975-ல் மும்பையில் உருவாக்கினவர் கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங்னு சொல்றாங்க. கோபி அதோட தம்பி. அந்தச் சிவப்புக்காகக் கலர்ப்பொடியைக் கொட்டப் போய், 2024-ல் கர்நாடகாவில் இதுக்குச் செயற்கை நிறம் சேர்க்கவே தடை போட்டாங்க.

சரி, நிஜமான சீனத்துத் தெருப் பலகாரம் எப்படி இருக்கும்? சிங்கப்பூர்ல வேலை பார்த்தப்போ காலையில நான் அடிக்கடி வாங்கித் தின்னது 'யூ தியாவ்'. மைதா, உப்பு, எண்ணெய், அவ்வளவுதான். ரெண்டு மாவுப் பட்டையை ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு, நடுவுல குச்சியால அழுத்தி, இழுத்து, கொதிக்கிற எண்ணெயில போடுவாங்க. நீளமான குச்சியால திருப்பிக்கிட்டே இருந்தா ஒரு முழத்துக்கு உப்பி வரும். வெளியே மொறுமொறு, உள்ளே வெறும் காத்து. நம்ம பூரிக்குப் பங்காளின்னு வெச்சுக்குங்களேன்.

உப்பறதுக்கு அந்தக் காலத்துல சோடாவோட படிகாரமும் போடுவாங்க. ஆமா, சவரக்கடையில கன்னத்துல தேய்ப்பாங்களே, அதேதான்! தோல் பதனிடவும் உதவின சரக்கு. அலுமினியம் உடம்புக்கு ஆகாதுன்னு இப்போ நிறைய பேர் அதை விட்டுட்டாங்க.

கான்டனீஸ் மொழியில இதுக்குப் பேர் 'எண்ணெயில் பொரிச்ச பேய்'. யுவே ஃபெய்ங்கற தளபதியை 1142-ல் சாகடிக்கக் காரணமா இருந்த மந்திரி சின் ஹுவேயையும் அவர் பொண்டாட்டியையும் மாவுல செஞ்சு ஜனங்க எண்ணெயில போட்டாங்கன்னு கதை. ஒட்டிக்கிட்டிருக்கிற ரெண்டு பட்டை அந்த ஜோடிதானாம். (நம்மாளுங்க சாபம் விடுவாங்க, அவங்க பொரிச்சே தின்னுட்டாங்க :-))

இதைப் பிய்ச்சு அரிசிக் கஞ்சியில போட்டுச் சாப்பிடணும். அந்தக் கஞ்சியை இங்கிலீஷ்ல 'காஞ்சி'ன்னு சொல்றாங்களே, அது நம்ம 'கஞ்சி'ங்கற தமிழ் வார்த்தையிலிருந்து போனதுதான்.

ஆனா இங்கே யார்கிட்ட சொன்னாலும் முதல் கேள்வி, "அவனுங்க பாம்பு, பல்லி எல்லாம் தின்பானுங்களாமே?" 2020-ல் கொரோனா வந்தப்போ இந்தக் கேலி உச்சத்துக்குப் போச்சு. கோடிக்கணக்கான சீனர்களோட காலை டிபன் வெறும் மைதாவும் சோயாப் பாலும்னு சொன்னா காதுலயே வாங்க மாட்டாங்க.

மத்த ஊர்க்காரங்க பேசினாக்கூடப் பரவாயில்லைங்க. நாம பேசலாமா? தோல் நாத்தம்னு மூக்கைப் பொத்தினவங்களைப் பார்த்து வளர்ந்த பூமி இது. 2022 மே மாசம் ஆம்பூர்ல பிரியாணித் திருவிழான்னு அறிவிச்சாங்க. மாட்டு பிரியாணிக்கு மட்டும் இடமில்லைன்னதும் பிரச்சினை கிளம்பிச்சு. கடைசியில மழையைக் காரணம் சொல்லித் திருவிழாவையே தள்ளி வெச்சாங்க. "எங்க சாப்பாட்டுல என்ன அசிங்கம்?"னு அன்னிக்கு நம்ம ஜனங்க கேட்டது நியாயமான கேள்வி.

அதே கேள்வியைச் சீனாக்காரனும் நம்மகிட்ட கேக்கலாம் இல்லையா? பிடிக்கலைன்னா சாப்பிடாதீங்க, யாரும் ஊட்டி விடப் போறதில்லை. ஆனா அடுத்தவன் தட்டை எட்டிப் பார்த்து முகம் சுளிக்கிற உரிமை, வேலூர் ஆம்பூர்க்காரனுக்குச் சுத்தமா கிடையாது.