வேலையோடு போகும் காப்பீடு
தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது நல்லதே; ஆனால் பாலிசியே கிடைக்காதவருக்கு வரிவிலக்கால் என்ன பயன்? ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை 48 மாதங்களிலிருந்து 36 ஆக 2024-இல் குறைத்த காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம், எல்லா வயதினருக்கும் பாலிசிகள் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால், தனிப்பட்ட விண்ணப்பத்தை ஏற்பதும் மறுப்பதும் இன்றும் காப்பீட்டு நிறுவனத்தின் கையில்தான். 54 வயதில் வேலை போய், அதோடு அலுவலகக் குழுக் காப்பீடும் போனவர், விண்ணப்பத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் என மூன்று கட்டங்களில் டிக் அடித்தால் மறுப்போ கூடுதல் பிரீமியமோ வரும். மறைத்தால், மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும்போது பணம் மறுக்கப்படும். உண்மை சொல்பவரைத் தண்டிக்கும் ஏற்பாடு இது. ஆயுஷ்மான் திட்டத்தின் ரூ.5 லட்சம் காப்பீடு வருமான வரம்பின்றிக் கிடைப்பது 70 வயதில். தமிழக முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்துக்கோ வருமான வரம்பு உண்டு. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளை நடுத்தரக் குடும்பம் எதைக் கொண்டு கடப்பது? நோயாளிகள் மட்டுமே வந்து சேர்ந்தால் நட்டம் என்ற நிறுவனங்களின் கவலை பொய்யல்ல. ஆனால் வேலையோடு குழுக் காப்பீட்டையும் இழந்த இவர்கள் புதிதாக வருபவர்களல்லர். இவர்களுக்காகப் பல ஆண்டுகள் பிரீமியம் பெற்றாகிவிட்டது. குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறுவது, நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட்ட சலுகையாக இல்லாமல், ஊழியரின் உரிமையாக வேண்டும். கூடுதல் பிரீமியத்துக்கு உச்சவரம்பு வேண்டும். எத்தனை விண்ணப்பங்களை எந்த நோய்க்காக மறுத்தது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிட ஆணையம் உத்தரவிட வேண்டும்.