மடியில் விரியும் படப் புத்தகம்

எழுத்தறியாத பாலகனுக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்போர் நம்மிடையே உளர். பாடசாலைக்குப் போன பிறகு படிக்கட்டும் என்பது அவர்தம் வாதம். எழுத்தைப் படிக்கும் முன்னரே குழந்தை படத்தைப் படித்துவிடுகின்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்குச் சான்றாக நமது நாட்டிலேயே தோன்றிய நூலொன்றை எடுத்துக்கொள்வோம். 1927-இல் காலிக்கு அருகேயுள்ள கிந்தோட்டையில் பிறந்து 2020-இல் மறைந்த சிபில் வெத்தசிங்க அம்மையார், தாமே எழுதித் தாமே படமும் வரைந்த 'குட ஹொரா' என்னும் சிங்கள நூலே அது. குடைத் திருடன் என்பது அதன் பொருள். 1956-இல் தோன்றிய இக்கதை, பின்னர்ப் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டுக் கடல் கடந்த நாடுகளின் குழந்தைகளையும் மகிழ்வித்தது.

குடையையே கண்டறியாத ஒரு சிற்றூர். மழை வந்தால் வாழையிலையைத் தலைக்கு மேற் பிடிக்கும் மக்கள். அவ்வூர்க் கிரி மாமா பட்டணம் சென்று, குடைகளைக் கண்டு வியந்து, ஒன்றை வாங்கி வருகிறார். வழியிலே கோப்பிக் கடைக்குள் நுழைந்து திரும்புவதற்குள் குடை மாயமாகிவிடுகிறது! அடுத்து வாங்கிய குடைகளுக்கும் அதே கதி. இறுதியில் ஒரு குடைக்குள் காகிதத் துண்டுகளை இட்டு வைத்து, அவை சிந்திய வழியே காட்டுக்குள் நடக்கிறார். திருடன் யார் என்பதை நாம் இங்கு வெளியிடமாட்டோம். அதைக் கண்டுபிடிக்கும் இன்பம் குழந்தைகளுக்கே உரியது.

பதுளை, பசறைத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கு இக்கதை அயலானதன்று. வடகீழ்ப் பருவ மழை நமுனுகுல மலையை மறைக்கும் நாட்களில், தாய்மார் கொங்காணி போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கச் செல்வதைக் கண்டு வளர்பவர்கள் அவர்கள். மழையின் அருமையையும் குடையின் அருமையையும் அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆயின், களைத்து லயம் திரும்பும் தாய்க்கு ஏது நேரம்? எழுத்தறியாத பாட்டி என்ன செய்வாள்? இவ்வினாக்களை நாம் புறக்கணிப்பதற்கில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது மிகப் பிந்தியேதான். அதற்கு முன் வளர்ந்த பெண்களிற் பலருக்கு முறையான கல்வி கிட்டவில்லை. அவர்களுக்கும் படப் புத்தகம் கதவைத் திறக்கின்றது. நூலின் மொழி எதுவாயினும், படத்தைப் பார்த்துத் தம் தமிழிலேயே கதை சொல்லலாம். 'நான் படிக்காதவள்' என்று என்றும் பின்வாங்கிய பாட்டி, பேரனை மடியிலிருத்திப் புத்தகத்தை விரிப்பாளாயின், அக்குழந்தை புத்தகத்தை ஒருநாளும் பிறர் பொருளாக எண்ணாது.

நாள்தோறும் பத்து நிமிடம் போதும். பக்கத்தைப் புரட்டுமுன், "குடை எங்கே போயிருக்கும்?" என்று கேளுங்கள். குழந்தை எதைச் சொன்னாலும் திருத்த முற்படாதீர்கள். கதை முடிந்ததும் நீதி கேட்டு வருத்தவும் வேண்டாம். குடைகளை மீட்ட கிரி மாமா, திருடனுக்கென ஒன்றை விட்டுவிட்டு வருகிறார். "ஏன் விட்டார்?" என்று குழந்தையே ஒருநாள் கேட்கும். நாம் புகட்டும் நீதியினும் அக்கேள்வி பெரிது.

தனியே நூல் வாங்க இயலாதோர், லயத்து நாலைந்து குடும்பமாகக் கூடி வாங்கி மாற்றிக்கொள்ளலாம். பாடசாலை செல்லும் மாணவர், விடுமுறையில் தம்பி தங்கையரைக் கூட்டிவைத்து அதைக் காட்டலாம். நூல் கிழிந்துபோகுமே என்று அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டாம். கிழியும்வரை குழந்தைகளின் கையில் இருப்பதே அதற்குப் பெருமை.