3 வருட பி.ஜி... அதில் காது ஆபரேஷன் எத்தனை? இ.என்.டி சர்ஜன் உருவாகும் விதம்

உங்கள் குழந்தைக்குக் காதில் சீழ் வருகிறது. சொட்டு மருந்து போட்டும் நிற்கவில்லை. "உள்ளே எலும்பை அரிச்சிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்" என்கிறார் டாக்டர். பெயர்ப் பலகையில் எம்.எஸ் (இ.என்.டி) என்று இருக்கிறது. அந்தப் பட்டத்துக்குப் பின்னால் 3 வருடப் பயிற்சி உண்டு. அதில் எத்தனை காதுகளை அவர் தன் கையால் ஆபரேஷன் செய்தார் என்பது பலகையில் இருக்காது.

எப்படிப் படிக்கிறார்கள்?

எம்.பி.பி.எஸ் முடித்தவர்கள் நீட் பி.ஜி எழுதி எம்.எஸ் அல்லது டி.என்.பி-யில் சேர்கிறார்கள். எய்ம்ஸ், ஜிப்மர் போன்றவற்றுக்கு ஐ.என்.ஐ-செட் என்ற தனித் தேர்வு. சேர்ந்த நாளிலிருந்து அவர் மாணவரும்தான், வார்டு பார்க்கும் டாக்டரும்தான். முதல் வருடம் பெரும்பாலும் ஓ.பி, டிரஸ்ஸிங், நைட் டியூட்டி. மூக்கில் ரத்தம் கொட்டுபவர், தொண்டையில் காசு மாட்டிய குழந்தை என்று போகும். பிறகு டான்சில், வளைந்த மூக்குத் தண்டு. காது கடைசியில்தான் வரும்.

காது ஏன் கடைசி?

காதுக்குப் பின்னால் உள்ள எலும்பை டிரில் வைத்துக் குடைய வேண்டும். உள்ளே முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. பின்பக்கம் பெரிய ரத்தக் குழாய், மேலே மூளையின் உறை. நரம்பில் டிரில் பட்டால் வாய் கோணும், கண் மூடாது. அதுவும் எல்லாம் மைக்ரோஸ்கோப் வழியே நடக்கும் வேலை. சீனியர் செய்வதை ஜூனியர் பக்கத்துக் குழாயிலோ டி.வி திரையிலோதான் பார்க்க முடியும். பார்த்து மட்டும் கை பழகுமா?

அதனால்தான் இறந்தவர்களின் காது எலும்பில் முதலில் பழக வேண்டும். உடல் தானம் செய்த ஒருவரிடமிருந்து 2 எலும்புகள்தான் கிடைக்கும். தனி ஆய்வகம், டிரில், மைக்ரோஸ்கோப் எல்லாம் வேண்டும். இந்த வசதி எல்லாக் கல்லூரியிலும் ஒரே மாதிரி இல்லை. கிடைக்காதவர்கள் காசு கட்டி, வேறு ஊரில் நடக்கும் பயிற்சி முகாமில் ஒன்றிரண்டு எலும்புகளைக் குடைந்து பார்த்துவிட்டு வருகிறார்கள்.

பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று லாக் புக்கில் பதிவது வழக்கம். ஆனால் இறுதித் தேர்வில் நோயாளியைப் பரிசோதித்துச் சொல்வது, கருவி, எக்ஸ்ரே, எலும்பு பற்றிய கேள்விகள், வைவா ஆகியவைதான் பொதுவாக இருக்கும். ஆபரேஷன் செய்யச் சொல்லிப் பார்ப்பதில்லை.

இன்னொரு சிக்கல், வரும் நோயாளிதான் பாடத்திட்டம். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் திட்டமிட்ட ஆபரேஷன்கள் நின்றன, கருப்பு பூஞ்சை வந்தது. மூக்கு வழியே அழுகிய திசுவை அகற்றும் வேலை இ.என்.டி பி.ஜி-க்களுக்கு வரிசையாக வந்தது. சைனஸ் பழகியது, காது காத்திருந்தது.

நேரம் எங்கே போகிறது?

12 மணி நேரத்துக்கு மேல் தொடர் டியூட்டி கூடாது, வாரம் 48 மணி நேரம் என்று 1992-லேயே மத்திய அரசு சொன்னது. 2023 விதிமுறையில் அது 'நியாயமான பணி நேரம்' என்று எண்ணே இல்லாமல் ஆனது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு 74 மணி நேரத்தை உச்சவரம்பாகப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 36 மணி நேர டியூட்டி மனிதத்தன்மையற்றது என்றது உச்ச நீதிமன்றம். 48 எப்படி 74 ஆனது என்று யாரும் விளக்கவில்லை!

நேரத்தைக் குறைத்தால் பயிற்சி குறையும் என்று சீனியர்கள் சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. ரத்த மாதிரியை லேபுக்கு எடுத்து ஓடுவதும், டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவதும் எந்தச் சர்ஜனையும் உருவாக்காது. அதற்கு ஆள் போட்டாலே ஆபரேஷன் தியேட்டரில் நிற்க நேரம் கிடைக்கும்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்: "டாக்டர், இதை யார் பண்ணப் போறாங்க? இந்த ஆபரேஷன் எத்தனை பண்ணியிருக்கீங்க?" மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: "பி.ஜி பண்ணும்போது சீனியர் பக்கத்திலேயே இருப்பாரா?"