கேள்வித்தாளும் ரத்தமும் ஒரே மேசைக்கு வரட்டும்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் பல நிறுவனங்கள் ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் உடல் பரிசோதனை செய்கின்றன. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று ரத்த முடிவுகள் மின்னஞ்சலில் வந்துவிடுகின்றன. மனநலத்துக்குத் தனியாக ஒரு செயலி, அதில் சில கேள்விகள், கடைசியில் ஒரு மதிப்பெண். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மருத்துவரைத்தான் காணோம். இந்தப் பிரிவினையால் நஷ்டப்படுபவர் நோயாளி.

மனச்சோர்வை அறிய உலகெங்கும் பயன்படும் பி.எச்.கியூ-9 என்ற கேள்வித்தாள் 2001இல் வெளியானது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27இல் 10ஐ எட்டினால் கவனிக்க வேண்டும் என்பது நடைமுறை. ஆனால் தூக்கம், களைப்பு, பசி, கவனக்குறைவு, மந்தம் ஆகிய ஐந்து கேள்விகள் உடலையும் தொட்டு நிற்பவை. ஐந்துக்கும் தலா இரண்டு போட்டாலே பத்து வந்துவிடும், மனத்தில் துயரம் துளியும் இல்லாமல். தைராய்டு சுரப்பு குறைந்தவர், பி12 பற்றாக்குறை உள்ளவர், ரத்தசோகைக்காரர் எவரும் இப்படிப் பதில் எழுதக்கூடும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குள் உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த நாட்டில் ஹீமோகுளோபினைப் பார்க்காமல் களைப்புக்கு மனநோய்ப் பெயர் சூட்டுவது அவசர வைத்தியம்.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. நம்மவர்கள் துக்கத்தை உடம்பின் பாஷையில்தான் சொல்வார்கள்: படபடப்பு, உடம்பு வலி, வயிற்றெரிச்சல். டாக்டர் ரத்தம் எடுப்பார், எல்லாம் நார்மல் என்று வரும், 'ஒண்ணும் இல்லை, ரெஸ்ட் எடுங்க' என்று அனுப்பிவிடுவார். பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலக் கோளாறு உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் வரை, நோய்க்கு நோய் வேறுபட்டு, சிகிச்சை பெறாமல் இருப்பதாகச் சொன்னது. கேள்வியே கேட்கப்படாமல் வீடு திரும்பியவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

அப்படியானால் ரத்தமே தீர்ப்புச் சொல்லட்டுமே என்றால், அதையும் பார்த்தாகிவிட்டது. டெக்சாமெத்தசோன் மாத்திரை கொடுத்து, மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் அடங்குகிறதா என்று பார்க்கும் சோதனை, 1981இல் கடும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் கருவியாகப் பெரிதாகப் பேசப்பட்டது. உடல் எடை குறைந்தவர்களுக்கும் வேறு நோயாளிகளுக்கும்கூட, கார்ட்டிசால் அடங்காத அதே முடிவு வரவே, சில ஆண்டுகளில் மவுசு இறங்கியது. இன்று 'ஸ்ட்ரெஸ் பேக்கேஜ்' என்று கார்ட்டிசால் சோதனை விற்பவர்கள் இந்தக் கதையை வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. கார்ட்டிசால் விழித்த சற்று நேரத்தில் உச்சம் தொட்டு இரவில் தணியும். நைட் ஷிஃப்ட் முடித்து வரும் ஐ.டி. ஊழியரிடம் காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தை, இரவு தூங்கி எழுந்தவருக்கான அளவுகோலில் வைத்துப் பார்ப்பதில் என்ன பொருள்?

இரண்டும் சேரும்போது கிடைப்பதற்கு நல்ல உதாரணம் 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு. மருந்துக்கு மசியாத மனச்சோர்வு கொண்ட 60 பேரிடம், அழற்சியைத் தணிக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்து பரிசோதிக்கப்பட்டது. மொத்தத்தில் பலன் இல்லை. ஆனால் சி.ஆர்.பி. என்ற அழற்சிக் குறியீடு தொடக்கத்திலேயே உயர்ந்திருந்தவர்களுக்கு நிலைமை தேறுவதற்கான அறிகுறி தெரிந்தது. தேறியதா என்பதை அளந்தது, கேள்விகள் வழியே மனச்சோர்வை மதிப்பிடும் ஹாமில்டன் அளவுகோல், யாருக்கு என்பதைக் காட்டியது ரத்தம். சிறிய ஆய்வுதான், இதை நம்பி யாரும் மருந்துச் சீட்டு எழுதக் கூடாது. பாதை எது என்பது மட்டும் தெரிகிறது.

கேள்வித்தாளும் நம் மண்ணுக்கேற்றதாக வேண்டும். சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் பி.எச்.கியூவைப் பன்னிரண்டு கேள்விகளாக மாற்றி, நம் மக்களிடம் அது நம்பத்தக்கதா என்று சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். தருமபுரியிலிருந்து வேலைக்கு வந்தவரிடம் ஆங்கிலக் கேள்வியை நீட்டும் செயலிகள் அந்த உழைப்பைப் பார்க்கட்டும்.

நாம் கேட்பது செலவு பிடிக்கிற காரியம் அல்ல. மதிப்பெண் 10ஐத் தொட்டவருக்கு ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பாருங்கள். காரணம் தெரியாத உடல் தொல்லையோடு வருபவரிடம் கேள்வித்தாளைக் கொடுங்கள். இரண்டையும் ஒரே மருத்துவர் படிக்கட்டும், பிறகு எதிரே உட்கார்ந்து பேசட்டும். கர்நாடக, தமிழக அரசுகள் இதை ஆரம்ப சுகாதார நிலையங்களின் நடைமுறையாக்க வேண்டும். நிறுவனங்கள் நடத்தும் சோதனை என்றால், முடிவுகள் ஹெச்.ஆர். மேசைக்குப் போகவே கூடாது. மனநல விவரங்களின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு தரும் உரிமை. சம்பள உயர்வைத் தீர்மானிப்பவர் கண்ணில் படும் என்று தெரிந்தால் யார் உண்மையைக் குறிப்பார்கள்?

ஒன்றில் மட்டும் எந்தச் சோதனைக்கும் காத்திருக்கக் கூடாது. பி.எச்.கியூ-9 கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்குப் பூஜ்யத்துக்கு மேல் எதைக் குறித்தவரிடமும் அன்றே ஒருவர் பேசியாக வேண்டும். நிம்ஹான்ஸ் வழிகாட்ட, எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள ஐ.ஐ.ஐ.டி. பெங்களூரு தொழில்நுட்பம் தர, 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.