சிறை ஆஸ்பத்திரியின் குமாஸ்தா

சேஷாத்திரி ரோட்டில் இருக்கும் ‘ஃப்ரீடம் பார்க்’ நம்மவர்களுக்குப் பழகிய இடம். மாலையில் காற்று வாங்கவும் போகிறோம், கோரிக்கை அட்டையைத் தூக்கிக்கொண்டு தர்ணாவில் உட்காரவும் போகிறோம். 2008-இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன் நெடுங்காலம் அதுதான் பெங்களூர் மத்தியச் சிறை. காவல் கோபுரமும் சில கொட்டடிகளும் இன்றும் அங்கே நிற்கின்றன.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், ஸ்நேகலதா ரெட்டி அந்தச் சிறையில் அடைக்கப்பட்டார். சென்னையில் நாடக மேடையில் பெயர் பெற்றவர். 1970-இல் வந்த ‘சம்ஸ்காரா’ கன்னடப் படத்தில் சந்திரியாக நடித்தவர். அவருக்கு ஆஸ்துமா இருந்தது. விசாரணை இல்லாமலே ஏறக்குறைய 8 மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். மூச்சுத் திணறி அவதிப்பட்டவருக்கு ஒழுங்கான சிகிச்சை கிடைக்கவில்லை. உடல் முற்றிலும் சீர்குலைந்த பிறகு, 1977 ஜனவரி 15-இல் பரோலில் விட்டார்கள். ஜனவரி 20-இல் அவர் காலமானார்.

அவர் விஷயத்தில் பழி ஆட்சியாளரைச் சேர்ந்தது. அதைச் சிறை ஊழியர் தலையில் கட்டினால் அநியாயம். ஆனால், நெருக்கடி நிலை எதுவும் இல்லாத சாதாரண நாளில், பெயர் தெரியாத ஒரு கைதி வைத்தியம் கிடைக்காமல் சாவதற்கு மேலிடத்து உத்தரவு தேவையில்லை. ஒரு காகிதம் ஒரு மேஜையில் நான்கு நாள் கிடந்தால் போதும். ஆபீசில் ஃபைல் தள்ளிப் பிழைக்கும் நம்மில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிறை டாக்டர் ஒரு கைதியைப் பார்த்துவிட்டு, “இவனை விக்டோரியாவுக்கு அனுப்ப வேண்டும்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியே இருப்பவன் என்றால் ஆட்டோ பிடித்துப் போய்விடுவான். உள்ளே இருப்பவனுக்கு டாக்டரின் சிபாரிசுக் கடிதம் எழுதப்பட வேண்டும். சூபரின்டென்டென்ட் கையெழுத்து வேண்டும். வழிக்காவலுக்குப் போலீசைக் கேட்டுத் தனிக் கடிதம் போக வேண்டும். அந்தப் போலீசார் சிறை இலாகாவின் ஆட்கள் அல்லர். ஊரில் ஒரு பொதுக்கூட்டம், ஒரு மந்திரி வருகை என்றால் அவர்கள் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரி கொடுத்த தேதி தவறிவிடும். மறுபடி தேதி வாங்கி மறுபடி கடிதம் எழுத வேண்டும். வழிக்காவல் வந்து, பரப்பன அக்ரஹாரத்திலிருந்து புறப்பட்டு, சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தாலும், முந்தைய எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் கூட வரவில்லை என்றால் அங்குள்ள டாக்டர் என்ன செய்வார்? முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இத்தனை முடிச்சுகளையும் அவிழ்க்க ஒரு ஆள் வேண்டும். ஊசி போடாத, மருந்து கொடுக்காத ஆள். யாருக்கு எந்தத் தேதி தவறிப்போயிற்று, யாருடைய ரிசல்ட் இன்னும் வரவில்லை, நேற்று வந்த புதுக் கைதிக்குச் சர்க்கரை வியாதி உண்டா என்று ரிஜிஸ்தரைப் பார்த்துத் துரத்துகிற ஆள். இந்த வேலையை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. டாக்டர் பதவி காலியாக இருந்தால் பத்திரிகையில் செய்தி வருகிறது. குமாஸ்தா நாற்காலி காலியாக இருந்தால் செய்தியே இல்லை.

வெள்ளைக்காரன் இதைப் புரிந்துகொண்டிருந்தான் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். 1894-ஆம் வருஷத்துச் சிறைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவைப் படித்துப் பார்க்கட்டும். கைதியைப் பற்றி மருத்துவ அதிகாரி இடும் உத்தரவுகள், மருந்து தருவது போல அவரே பார்த்துக்கொள்வன நீங்கலாக, கைதியின் சரித்திரச் சீட்டில் அன்றன்றே பதிவாக வேண்டும். ஒவ்வொன்றும் நிறைவேறியதா இல்லையா என்று ஜெயிலர் தேதியோடு எழுத வேண்டும். ‘இல்லை’ என்பதையும் எழுத வேண்டும் என்பதுதான் அதில் விசேஷம். நடக்காததை எழுதி வைக்கச் சொல்லும் சட்டம் நம் நாட்டில் எத்தனை உண்டு?

இதே பெங்களூர் மத்தியச் சிறையிலிருந்து 1984-இல் ராமமூர்த்தி என்ற கைதி சுப்ரீம் கோர்ட்டுத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு கோர்ட்டு விசாரித்தது. 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நாட்டுச் சிறைகளின் 9 பெருங்குறைகளை அது எடுத்துரைத்தது. உடல்நலத்தையும் சுகாதாரத்தையும் புறக்கணிப்பது அவற்றில் ஒன்று. கடிதத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே 12 வருஷம் போனதை என்னவென்று சொல்வது!

இங்கிலாந்தில் சிறைக் கைதிகளின் வைத்தியப் பொறுப்பைச் சிறை இலாகாவிடமிருந்து எடுத்து, 2006-க்குள் பொதுச் சுகாதாரச் சேவையிடமே ஒப்படைத்துவிட்டார்கள். அங்கே சிறை மருத்துவக் குழுவில் நிர்வாக ஊழியரும் ஒருவர். ஐ.நா. சபை 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகள் சொல்வதும் இதுதான்: ஒவ்வொரு கைதிக்கும் மருத்துவக் கோப்பு இருக்க வேண்டும், அது ரகசியமாக இருக்க வேண்டும், வேறு சிறைக்கு மாற்றினால் கோப்பும் கூடப் போக வேண்டும். ஆனால் நம் சிறைகளில் படித்த தண்டனைக் கைதியையே ‘ரைட்டர்’ ஆக்கி எழுத்து வேலை வாங்குவது பழைய வழக்கம். மற்ற கணக்குகளுக்கு அது சரி. அடுத்த கொட்டடிக்காரனின் எச்.ஐ.வி. ரிசல்ட்டை இன்னொரு கைதி கையில் கொடுக்கலாமா? 2017-ஆம் வருஷத்துச் சட்டமே அதை ரகசியம் என்கிறது.

“குற்றவாளிக்கு இத்தனை உபசாரமா? வெளியே யோக்கியனுக்கே படுக்கை கிடைக்கவில்லையே” என்று கேட்பவர்கள் நம்மிலும் உண்டு. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினர் தண்டனை பெற்றவர்களே அல்லர், விசாரணைக் கைதிகள். ஜாமீனுக்கு ஆள் நிறுத்த முடியாமல் கிடப்பவர்கள் அவர்களில் பலர். தர்மபுரியிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ கட்டட வேலைக்கு வந்து, ஒரு அடிதடியில் சிக்கியவனுக்கு இந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரர் எங்கே கிடைப்பார்? அவனுக்குக் காசநோய் இருந்து மாத்திரை பாதியில் நின்றால், அது சிறைச் சுவரோடு நிற்கும் நோய் அல்ல. வார்டருக்கும் வரும், அவன் வீடு திரும்பினால் பெண்டு பிள்ளைகளுக்கும் வரும். சாதாரணமாக 6 மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து அது. ஜாமீன் உத்தரவு மாலையில் வருகிறது, அன்றே ஆள் வெளியே போய்விடுகிறான். எந்த மாத்திரை, எத்தனை நாள் ஆயிற்று, ஊரில் எந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் தொடர வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுக்க ஆள் இருந்தால் நோய் அதோடு அடங்கும். இல்லையென்றால் அடுத்த முறை அந்த மருந்தே அவனுக்குக் கேட்காமல் போகலாம்.

ஆகவே கர்நாடக சர்க்காரை நாம் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. சிறை ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் சுகாதார இலாகாவின் கீழ் முழுநேர நிர்வாக ஊழியர் வேண்டும். கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் உருதுவும் காதில் விழுந்தால் புரிகிறவராக இருந்தால் நல்லது. “நெஞ்சு அடைக்குது” என்பவனுக்கும் “நெஞ்சு எரியுது” என்பவனுக்கும் ஒரே மாத்திரை ஆகாது. போகாமல் நின்றுபோன ஆஸ்பத்திரித் தேதிகளின் பட்டியலை வாராவாரம் ஜில்லா நீதிபதிக்கு அனுப்பும் கடமையும் அவருக்கு இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், அதில் தட்டுவது யார்?

அந்த நாள் வரும் வரை, உறவினர் உள்ளே இருந்து அவருக்கு வியாதியும் இருந்தால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்துப் பெயர், டிஸ்சார்ஜ் காகிதம் எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுங்கள். ஒன்றை வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட் முன் வைத்துச் சிகிச்சைக்கு உத்தரவு கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு; 15100-க்குப் போன் செய்யலாம். மற்றொன்றைச் சிறை அலுவலகத்தில் மனுவோடு கொடுத்து, உங்கள் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.