ஜீரோ எங்கே இருக்குன்னு முதல்ல கேளுங்க

இந்த வார எபிசோடில் கிராபிக்ஸ் கார்டு விலையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசித் தீர்த்தோம். முடித்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஏன்னா, போன குளிர்காலத்தில் நானே ஒரு ஆபீஸை, தேவையே இல்லாத ஒரு கார்டை வாங்க வைக்கப் பார்த்தேன். மைக் முன்னாடி சொல்ல வாய் வரவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

இடம் விம்பிள்டன். டென்னிஸ் பக்கம் இல்லை, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஆறு பேர் வேலை செய்கிற ஒரு கட்டடக்கலை அலுவலகம். இந்தப் பக்கத்துத் தெருக்களில் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற, நூறு வருஷம் தாண்டிய செங்கல் வீடுகள்தான் அவர்களுக்குச் சோறு போடுகின்றன. பின்பக்கம் சமையலறையை நீட்டுவது, கூரைக்குள் ஒரு படுக்கையறை போடுவது, இப்படி. வரைவது ரெவிட்டில். மாடலிங்கில் பாதியைக் கோயம்புத்தூரில் ஒரு சின்ன டீம் செய்து அனுப்புகிறது. நான் அங்கே நாள் கணக்கில் போய்வருகிற ஐடி ஆள். சர்வர், லைசென்ஸ், பேக்கப், எப்போதும் மக்கர் பண்ணும் பிளாட்டர். படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ், சுவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

புகார் இதுதான். ஒரு வீட்டின் மாடலைத் திறந்து ஜூம் செய்தால் சுவர்க் கோடுகள் நடுங்குகின்றன. செங்கல் ஹேட்ச் ஒரு பக்கம் வருகிறது, மறுபக்கம் காணோம். ஒரு கோட்டைக் கிளிக் செய்தால் பக்கத்துக் கோடு செலக்ட் ஆகிறது. வளைவாக இருக்க வேண்டிய மாடிப்படிக் கைப்பிடி ரம்பப் பல் மாதிரி நிற்கிறது. ஆபீஸில் உடனே ரெண்டு கட்சி. "கோயம்புத்தூர்ல சரியா வரையறதில்லை" என்பது ஒன்று. "மெஷின் பழசாயிடுச்சு" என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சியில் சேர்ந்துகொண்டேன். அது எனக்குத் தெரிந்த ஊர்.

டிரைவரை மாற்றினேன். ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை அணைத்துப் பார்த்தேன். கேஷைத் துடைத்தேன், ஃபைலை ஆடிட் செய்து திறந்தேன், பர்ஜ் செய்தேன். இரண்டு நாள் போனது. நடுக்கம் போகவில்லை. அப்புறம் புது வொர்க்ஸ்டேஷனுக்குக் கொட்டேஷன் வாங்கி மெயிலும் போட்டுவிட்டேன். அதே நாளில் கோயம்புத்தூருக்கும் ஒரு மெயில் போனது. அதில் "கவனக்குறைவு" என்ற வார்த்தை இருந்தது. காப்பியில் நானும் இருந்தேன். படித்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் இங்கே மதியம் மூன்றரை, அங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு கால். மாடலைச் செய்த பையன் லைனில் இருந்தான். மற்றவர்கள் போனதும் தமிழில் ஆரம்பித்தான். "அண்ணா, கார்டை விடுங்க. சர்வேயர் கொடுத்த டிடபிள்யூஜி ஃபைலை ஆட்டோகேட்ல திறந்து ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் அடிச்சுப் பாருங்க."

அடித்தேன். திரை முழுக்கக் கறுப்பு. வலது மேல் மூலையில் எறும்பு அளவுக்கு ஒரு புள்ளி. இடது கீழ் மூலையில் இன்னொன்று. மேலே இருந்தது அந்த வீடும் தெருவும். கீழே இருந்தது ஒரு விரல் நீளக் கோடு, அவ்வளவுதான். சர்வேயர் எப்போதோ எதற்கோ போட்டு அழிக்க மறந்தது. அது சரியாக 0,0-வில் கிடந்தது.

இந்த 0,0 எங்கே இருக்கிறது என்று சொன்னால்தான் விஷயம் புரியும். பிரிட்டனில் சர்வே வரைபடங்கள் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தேசியக் கட்ட அமைப்பில் வரும். அதன் ஆரம்பப் புள்ளி சில்லி தீவுகளுக்குத் தென்மேற்கே, அட்லாண்டிக் கடலில். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். பெருநிலத்தில் எங்கே நின்றாலும் கிழக்கெண்ணும் வடக்கெண்ணும் மைனஸில் போகாது. அங்கிருந்து அளந்தால் விம்பிள்டன் ஸ்டேஷன் கிழக்கே சுமார் 525 கி.மீ., வடக்கே சுமார் 171 கி.மீ. ஆக, ஐந்து மீட்டர் அகலமுள்ள ஒரு வீட்டின் ஃபைல், 550 கி.மீ. நீளமுள்ள ஃபைலாக ஆகிவிட்டது. காரணம் அந்த விரல் நீளக் கோடு.

ரெவிட்டில் இதை லிங்க் செய்தபோது "சென்டர் டு சென்டர்" என்று கொடுத்திருக்கிறார்கள். சாதாரணமாக நல்ல வழிதான். ஆனால் இந்த ஃபைலின் சென்டர் எது? இரண்டு புள்ளிக்கும் நடுவே. கட்டக் கணக்கில் போட்டுப் பார்த்தேன், டெவன் மாவட்டத்து டார்ட்மூர் பொட்டல்வெளியின் வடபகுதியில் வந்து நின்றது. அதாவது ரெவிட்டின் உள் ஆரம்பப் புள்ளி டார்ட்மூரில் உட்கார்ந்திருக்க, நம் வீடு அங்கிருந்து 276 கி.மீ. தள்ளி. இறக்கும் வரைபடம் 20 மைலுக்கு மேல் பரந்திருந்தால் ரெவிட்டே எச்சரிக்கும். எச்சரித்திருக்கும். யாரோ "க்ளோஸ்" அழுத்தியிருப்பார்கள். நாம எல்லாரும் அழுத்துறதுதானே.

தூரம் அதிகமானால் கோடு ஏன் நடுங்க வேண்டும்? கல்லூரியில் மூன்றாம் செமஸ்டரில் மார்க்குக்காகப் படித்த ஃப்ளோட்டிங் பாயின்ட்தான். மாடல் உள்ளே 64 பிட்டில் கணக்கிடப்படுகிறது, துல்லியத்துக்குக் குறையில்லை. ஆனால் திரையில் வரைகிற வேலை பெரும்பாலும் 32 பிட்டில் நடக்கும். 32 பிட்டில் சுமார் ஏழு இலக்கத்துக்குத்தான் இடம். எண் பெரிதாக ஆக, அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே இடைவெளியும் பெரிதாகும். ரெவிட் உள்ளுக்குள் அடிக்கணக்கில் வேலை செய்கிற மென்பொருள். கிழக்கு மேற்காக 262 கி.மீ. என்றால் எட்டரை லட்சம் அடிக்கு மேல். அந்த இடத்தில் 32 பிட் எண்ணுக்கு ஒரு படி என்பது அடியில் பதினாறில் ஒரு பங்கு, முக்கால் அங்குலம். அதாவது 19 மில்லிமீட்டர். கோடு நிற்க வேண்டிய இடத்தில் நிற்க முடியாமல், பக்கத்தில் கிடைக்கிற படியில் போய் ஏறிக்கொள்கிறது. ஜூம் செய்யும்போது படி மாறுகிறது, கோடு நடுங்குகிறது. எத்தனை ஆயிரம் பவுண்டுக்குக் கார்டு வாங்கிப் போட்டாலும் அந்தப் படி குறையாது.

"சரி, திரையில்தானே, உள்ளே கணக்கு சரியாத்தானே இருக்கு" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பையன்தான் திருத்தினான். நடுங்குகிற கோட்டின் மேல் மவுஸை வைத்து ஒரு மனிதன் சுவரை இழுத்தால், நடுங்கிய இடத்தில்தான் சுவர் போய் உட்காரும். அப்போது அது மாடலுக்குள் போன உண்மையான தவறு. எச்சரிக்கைப் பட்டியலைத் திறந்து பார்த்தால், அச்சிலிருந்து லேசாக விலகியிருப்பதாகச் சுவர் சுவராக அடுக்கியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒன்பது அங்குலச் சுவர் அது. இங்கே அதற்கென்றே 1996-இல் போட்ட தனிச் சட்டம் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் தன் சார்பில் ஒரு சர்வேயரை வைத்துக்கொள்ளலாம். அவர் டேப்பை நீட்டும்போது முக்கால் அங்குலம் என்பது சின்ன விஷயமாக இருக்காது.

கடைசியில் அவன் சொன்னதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. "முதல் நாளே மெயில் போட்டேன் அண்ணா."

தேடிப் பார்த்தேன். இருந்தது. பதினேழு நாளுக்கு முந்தைய மெயில். மூன்று வரி, ஒரு ஸ்கிரீன்ஷாட், 0,0-வைச் சுற்றிச் சிவப்பு வட்டம். இதை எடுத்துவிடலாமா என்று கேள்வி. பதில் இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் விட்டதில்லை. அது யாருடைய வேலையும் இல்லை, அதனால் யாரும் தொடவில்லை.

"அவ்வளவு தெரிஞ்சவன் தானே அழிச்சிருக்கலாமே?" என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். இங்கேதான் எனக்குச் சண்டை. சர்வே என்பது இன்னொருவரின் கையெழுத்துப் போட்ட பதிவு. அதில் கை வைக்கக்கூடாது என்று கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்ததே இந்த ஆபீஸ்தான், அது சரியான விதியும்கூட. கேட்காமல் அழித்திருந்தால் அதற்கும் அவன்தான் திட்டு வாங்கியிருப்பான். கேட்டான், பதில் வரவில்லை, வேலையை முடிக்கத் தேதி இருந்தது, வரைந்தான். அதற்குப் பெயர் கவனக்குறைவா? இந்த ஃபைலில் கவனமாக இருந்த ஒரே ஆள் அவன்தான்.

என் கட்சி இதுதான்: கேட் ஆபீஸ்களில் "கம்ப்யூட்டர் பிரச்சினை" என்று எனக்கு வருகிற ஃபோன்களில் பலது, முதல் நாளில் யாரும் வாயைத் திறந்து கேட்காத கேள்விகள்தான். ஜீரோ எங்கே? யூனிட் மீட்டரா, மில்லிமீட்டரா? வடக்கு எது, காகிதத்து வடக்கா, நிஜ வடக்கா? இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது யார்? முதல் மூன்றையும் டெம்ப்ளேட்டில் போட்டுவிடலாம். நாலாவதுக்கு ஒரு மனிதரின் பெயர் வேண்டும், சம்பளம் வாங்குகிற ஒருவரின் பெயர். அதைத்தான் எல்லாரும் காலியாக விடுகிறார்கள்.

மென்பொருள்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2020 ஜூலையில் சாஹா ஹதீத் ஆர்கிடெக்ட்ஸ் உட்படப் பெரிய கட்டடக்கலை நிறுவனங்கள் சேர்ந்து ஆட்டோடெஸ்க்குக்குப் பகிரங்கக் கடிதமே எழுதின. விலை ஏறுகிறது, ரெவிட் வளரவில்லை என்று. அதில் நியாயம் இருக்கிறது. 550 கி.மீ. நீளத்துக்கு ஒரு வீடு உள்ளே வரும்போது "க்ளோஸ்" பட்டனோடு ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி ஒதுங்கிக்கொள்வது நல்ல வடிவமைப்பு இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தைக் காட்டி நம் மேஜையில் பதில் போடாத மெயிலை மறைக்க முடியாது.

விதிமுறைகளும் இல்லாமல் இல்லை. மத்திய அரசு கொடுக்கும் கட்டட வேலைகளில் பிம் முறை கட்டாயம் என்று பிரிட்டன் 2016 ஏப்ரலிலேயே கொண்டுவந்தது. 2018 கடைசியில் ஐஎஸ்ஓ 19650 வந்தது. பெரிய திட்டங்களில் இதற்கென்றே ஆள் இருப்பார். சமையலறையை நீட்டுகிற வேலைக்கு யார் அதையெல்லாம் எடுத்துப் படிக்கப் போகிறார்கள்? ஆனால் அவுட்சோர்சிங் மட்டும் சின்ன ஆபீஸ்வரைக்கும் வந்துவிட்டது.

ஒரு விஷயம் இங்கே சொல்லணும். இந்த நாட்டில் துல்லிய நில அளவை தொடங்கியது விம்பிள்டனுக்குப் பக்கத்தில்தான். 1784-இல் ஜெனரல் வில்லியம் ராய் ஹவுன்ஸ்லோ ஹீத்தில் ஐந்து மைல் சொச்சத்துக்கு ஒரு நேர்க்கோட்டை அளந்தார். அதன் ஒரு முனை இன்றைய ஹீத்ரோ விமான நிலைய ஓரத்தில், மறுமுனை ஹாம்ப்டனில், இரண்டிலும் பீரங்கிக் குழாயைச் செங்குத்தாகப் புதைத்து அடையாளம் வைத்திருக்கிறார்கள். 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் கோட்டை அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். இரண்டு ஊரிலும் முதல் வேலை எங்கிருந்து அளக்கிறோம் என்று முடிவு செய்து, அதை மண்ணில் ஊன்றுவது. பரங்கிமலையைத் தினமும் எலக்ட்ரிக் ட்ரெயினில் கடந்து காலேஜ் போனவன் நான். ஒருநாள்கூட இது தெரியாது.

அந்த வீட்டுக்கு என்ன ஆச்சு? சர்வேயருக்கு ஃபோன் போட்டோம், கோட்டை எடுத்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் புது ஃபைல் அனுப்பினார். புது ரெவிட் ஃபைலில் அதைச் சென்டர் டு சென்டர் லிங்க் செய்து, அதிலிருந்து கோஆர்டினேட்டை அக்வயர் செய்தோம். வீடு உள் ஆரம்பப் புள்ளிக்குப் பக்கத்தில் நிற்கும், தேசியக் கட்டத்தில் எங்கே என்பதும் ஃபைலுக்குத் தெரியும். நடுக்கம் போய்விட்டது, அதே பழைய மெஷினில். விலகிய சுவர்களை மறுபடி வரைய மூன்று நாள். அந்த மூன்று நாள் செலவைக் கோயம்புத்தூர் தலையில் கட்டத்தான் முதலில் பேச்சு நடந்தது. பதினேழு நாள் பழைய மெயிலை இணைத்து எல்லாருக்கும் ஒரு பதில் எழுதினேன். முதலாளி அம்மா நேர்மையானவர், பணம் கொடுத்தார், "கவனக்குறைவு" மெயிலுக்கு மன்னிப்பும் கேட்டார்.

நான் வீணாக்கின இரண்டு நாளில் ஒரு நாளை இன்வாய்ஸிலிருந்து எடுத்துவிட்டேன். ரெண்டையும் எடுத்திருக்கணும்னு வீட்டுல சொன்னாங்க.

இப்போது அந்த ஆபீஸில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் எழுதிவைக்கிறார்கள். ஜீரோ, யூனிட், வடக்கு, பதில் சொல்பவர் பெயர். செவ்வாய்க்கிழமை காலை கூட்டத்தில் கோயம்புத்தூரும் இருக்கிறது, அங்கே மத்தியான நேரமாக வருகிற மாதிரி வைத்திருக்கிறோம், ராத்திரி ஒன்பது மணி இல்லை. போன வாரம் அதே பையன் வேறொரு ஃபைலில் மீட்டரில் வரைந்ததை மில்லிமீட்டர் என்று குறித்திருப்பதைக் கண்டுபிடித்தான். இந்த முறை பதில் அன்றைக்கே போனது.

உங்கள் ஆபீஸில் இப்படிப் பதில் போகாமல் கிடக்கும் மெயில் ஏதாவது இருந்தால், ஆபீஸ் பெயர் போடாமல் எழுதி அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் யூனிட் குழப்பங்களைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறோம். அமெரிக்காவில் 2022 கடைசிவரை ரெண்டு வித அடி இருந்தது, அதில் ஆரம்பிக்கலாம்.