கூத்தைப் பதிவு செய்ய எந்தக் கமெரா?

ஊரிலுள்ள கூத்துக் கழகத்துக்கோ நாடக மன்றத்துக்கோ ஒரு வீடியோ கமெரா வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற விருப்பம் வெளிநாடுகளில் வாழும் நம்மவர் பலருக்கு உண்டு. நல்ல விருப்பம். எந்தக் கமெரா வாங்கலாம் என்று பத்திரிகைக்காரன் என்ற முறையில் என்னிடமும் சிலர் கேட்பதுண்டு. எதற்காகப் பதிவு செய்யப் போகிறோம் என்பதைத் தீர்மானித்த பிறகே இக்கேள்விக்குப் பதில் தேட வேண்டும் என்பது எனது கருத்து. இந்த ஒழுங்கு மாறியதால்தான் பெரும்பணம் செலவிட்டும் பயனற்ற பதிவுகள் குவிந்து கிடக்கின்றன.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' ஆகிய கூத்துகளை மேடையேற்றினார். ஈழத்து அரங்க வரலாற்றில் அது ஒரு திருப்பம். அவை பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஆயினும் எழுத்தும் நிழற்படமும் எவ்வளவு சேர்ந்தாலும் ஓர் ஆட்டத்தை அவற்றால் ஆடிக்காட்ட முடியாது. 1989இல் மறைந்த நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை ஒலிப்பதிவில் கேட்போருக்கு அவரது குரல் கிடைக்கும். அந்தக் குரல் எழுந்தபோது கையும் கண்ணும் என்ன செய்தன என்பது கிடைக்காது. மேடைக்கலையின் பாதியை நாம் இவ்வாறுதான் இழந்து வந்திருக்கிறோம்.

இன்று கருவி இருக்கிறது. ஆனால் கருவியைப் பிடிப்பவர் பெரும்பாலும் கலியாண வீட்டு வீடியோக்காரர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் தமது தொழிலைச் செய்கிறார். கலியாண வீட்டில் முகந்தான் முக்கியம். கூத்தில் அப்படியல்ல. வடமோடியின் வீசாணமும் எட்டும் நாலடியும் காலில் இருக்கின்றன. அண்ணாவியாரின் மத்தளத்துக்கும் ஆடுபவரின் பாதத்துக்கும் இடையில் நடக்கும் உரையாடலே அந்தக் கலையின் உயிர். முகத்தை நெருங்கிக் காட்டிவிட்டு, இடையில் பிரதம விருந்தினர் கொட்டாவி விடுவதையும் சேர்த்து எடுக்கப்பட்ட பதிவிலிருந்து நாளை ஓர் இளைஞன் ஒரு தாளக்கட்டைக்கூடக் கற்றுக்கொள்ள மாட்டான். தலை முதல் பாதம் வரை ஆடுபவர் முழுமையாகத் தெரிய வேண்டும். மத்தளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் இயன்றவரை சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். இதுவே முதல் விதி.

இந்த விதியை ஏற்றுக்கொண்டால் கமெராத் தெரிவு இலகுவாகிவிடும்.

கடைக்காரர் முதலில் காட்டுவது லென்ஸ் மாற்றக்கூடிய புகைப்படக் கமெராவாக இருக்கும். படம் அழகாக விழும் என்பதில் ஐயமில்லை. பின்னணியை மங்கலாக்கி ஒருவரை மட்டும் துலங்கச் செய்வது அதன் சிறப்பு. மேடையில் அந்தச் சிறப்பே குறையாகிவிடும். முன்னால் நிற்பவர் தெளிவாகவும் பின்னால் நிற்பவர் புகைமூட்டமாகவும் தெரிவர். மேலும் இவ்வகைக் கமெராக்கள் பல 29 நிமிடம் 59 விநாடியில் தாமாகவே நின்றுவிடுபவை. 30 நிமிடமும் அதற்கு மேலும் பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கமெராவாகக் கணித்துக் கூடுதல் சுங்கவரி விதித்ததே இதற்கு முக்கிய காரணம். புதிய கமெராக்கள் பலவற்றில் இந்தத் தடை இல்லை. ஆனால் பாவித்த கமெராவை மலிவாக வாங்கி ஊருக்கு அனுப்ப நினைப்போர் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். விடிய விடிய ஆடப்படும் கூத்தில் அரைமணிக்கு ஒருமுறை ஓடிச்சென்று பொத்தானை அமர்த்த முடியாது.

ஆகவே எனது தெரிவு, பார்வைக்குக் கவர்ச்சி குறைந்த பழைய வகைக் 'கேம்கோடர்' தான். லென்ஸ் அதனுடனேயே பொருத்தப்பட்டிருக்கும். மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து மேடையை எட்ட 15 அல்லது 20 மடங்கு ஒளியியல் சூம் கிடைக்கும். விளம்பரத்தில் காட்டப்படும் 'டிஜிற்றல் சூம்' எண்களை நம்ப வேண்டாம். அது படத்தை வெட்டிப் பெருப்பிப்பதேயன்றி வேறில்லை. இரண்டு மெமரி கார்ட் இடும் வசதி, மின்னிணைப்பில் தொடர்ந்து இயங்கும் வசதி, மின்சாரம் நின்றால் கைகொடுக்கப் பெரிய பற்றரி ஆகிய மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது ஒளி. இருண்ட மேடையில் ஒரே ஒளிக்கற்றையில் நிற்கும் நடிகரைத் தானியங்கி முறையில் எடுத்தால், கமெரா இருட்டைக் கண்டு ஏமாந்து முகத்தை வெள்ளைத்தாளாக்கிவிடும். ஒளியளவு, நிறச்சமநிலை, போக்கஸ் மூன்றையும் கையால் நிலைநிறுத்தக்கூடிய கமெராவே வேண்டும். இலங்கையிலும் ஐரோப்பாவிலும் மின்சாரம் 50 ஹேட்ஸ். ஷட்டர் வேகத்தை 1/50 இல் வைத்தால் விளக்கின் துடிப்பு பெரும்பாலும் படத்தில் தெரியாது. ரொறன்ரோவில் எடுப்பவர்கள் 1/60 இல் வைக்க வேண்டும்.

ஒலியைப் பற்றி நம்மவர்கள் நினைப்பதே இல்லை. கமெராவின் சொந்த மைக் அருகிலிருப்பவரின் இருமலைத்தான் முதலில் பிடிக்கும். எக்ஸ்.எல்.ஆர் வகை ஒலி இணைப்பு இரண்டு உள்ள கமெராவாயின், ஒன்றில் ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து வரும் ஒலியையும், மற்றதில் களரிக்கு அருகே வைத்த தனி மைக்கையும் இணைக்கலாம். முதலாவதில் பாட்டு தெளிவாக வரும். இரண்டாவதில் மத்தளமும் சல்லரியும் சதங்கையும் வரும். இரண்டும் சேர்ந்தால்தான் கூத்து.

வட்டக்களரியில் ஆடப்படும் கூத்துக்கு நான்கு பக்கமும் பார்வையாளர்கள். அதற்கு 'முன்' என்று ஒரு பக்கம் கிடையாது. அங்கு சூமைவிட உயரமே பெரிது. ஆட்களின் தலைக்கு மேலே, களரி முழுவதும் தெரியும்படி ஓர் உறுதியான தாங்கியில் கமெராவை வைத்துவிட்டு அசைக்காமல் விடுங்கள். 4கே தரத்தில் எடுத்தால், சாதாரண முழு எச்.டி. படத்தின் நான்கு மடங்கு புள்ளிகள் இருப்பதால், தேவையான பகுதியைப் பின்னர் நெருக்கிக் காட்டவும் முடியும்.

கையடக்கத் தொலைபேசி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றுமில்லாமைக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் முழு இரவுக் கூத்தை அதனால் தாங்க முடியாது. சூடேறும், இடம் நிறையும், நடுவில் அழைப்பு வரும்.

எடுத்ததைக் காப்பது எடுப்பதைவிடக் கடினம். விநாடிக்கு 50 மெகாபிற் வேகத்தில் பதிவு செய்தால் மணிக்கு ஏறத்தாழ 22 ஜிகாபைற். எட்டு மணி நேரக் கூத்துக்கு 180 ஜிகாபைற். ஒரே வன்தட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்க முடியாது. ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்திருப்பதன் விலையை 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அறிந்துகொண்டவர்கள் நாம். வி.எச்.எஸ். நாடாக்களில் உள்ளவையும் அழிந்துகொண்டிருக்கின்றன, வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016இல் அதை நிறுத்திவிட்டது. வீட்டுப் பெட்டிகளில் கிடப்பவற்றை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பிரதி கழகத்திடமும், ஒன்று வெளிநாட்டிலும், ஒன்று 2005 முதல் நமது ஆவணங்களைப் பேணிவரும் நூலகம் போன்ற நிறுவனத்திடமும் இருக்கட்டும். அண்ணாவியார், ஆடியவர்கள், ஊர், திகதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். இணையத்தில் ஏற்றுமுன் ஆடியவர்களின் சம்மதத்தைக் கேளுங்கள். அது அவர்களது உழைப்பு.

கையிலுள்ள பணத்தில் பாதிக்கு மேல் கமெராவுக்குச் செலவிட வேண்டாம். மிகுதி தாங்கிக்கும் மைக்குக்கும் வன்தட்டுகளுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊரிலேயே இரண்டு இளைஞரைப் பயிற்றுவதற்கும் போகட்டும். அவர்கள் அரங்கேற்ற இரவை மட்டும் எடுத்தால் போதாது. சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று மாதக்கணக்கில் நடக்கும் பழக்கத்தையும் எடுக்க வேண்டும். அண்ணாவியார் ஒரு பிள்ளையின் காலைத் திருத்தும் அந்தப் பகல் வேளைகளில் ஒளியலங்காரமும் உடுப்பும் இருக்காது. ஆனால் கூத்து ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கைமாறுவது அங்கேதான். அங்கே கமெரா இல்லையென்றால், எவ்வளவு விலையுயர்ந்ததை வாங்கியும் பயனில்லை.